அட்டவணை நீள்கிறது, செலவு யாருக்கு?

2014 ஆகஸ்ட் 12 அன்று உலகின் பல பகுதிகளில் இணையம் திணறியது. கேபிள் எதுவும் அறுபடவில்லை. ஹேக்கர்களின் கைவரிசையும் இல்லை. வெரிசான் நிறுவனம் சுமார் 15,000 புதிய வழிகளைச் சிறிது நேரம் அறிவிக்க, எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரவுட்டர்கள் பார்க்கும் உலக வழி அட்டவணை 5,12,000 வரிகளைத் தாண்டிவிட்டது. பரவலாகப் புழங்கிய சில சிஸ்கோ ரவுட்டர்களின் அதிவேக நினைவகத்தில் அதற்குமேல் இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. இத்தனைக்கும் சிஸ்கோ சில மாதங்கள் முன்பே எச்சரித்திருந்தது. ஒதுக்கீட்டை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். ஆனால், ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்க வேண்டும். ஓடுகிற பெட்டியை நிறுத்த யாருக்கு மனம் வரும்?

கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை இணையம் தாங்குவதன் சூட்சுமம், அவர்களைத் தனித்தனியே அறிந்துவைத்திருக்கும் பொறுப்பு எந்த ரவுட்டருக்கும் இல்லை என்பதுதான். பின்கோடு 6-இல் தொடங்கினால் தெற்கே அனுப்புவதோடு டெல்லி அஞ்சலகத்தின் வேலை முடிந்துவிடுவதைப்போல, முகவரியின் முன்பகுதியைப் பார்த்தே பல்லாயிரம் பேருக்கு அட்டவணையின் ஒரே வரியில் வழி சொல்லிவிடலாம்.

ஆனால், இப்படித் தொகுப்பதால் தொகுப்பவருக்கு என்ன லாபம்? 1,024 முகவரிகள் வைத்திருக்கும் நிறுவனம் அவற்றை ஒரே வரியாகவும் அறிவிக்கலாம். 256 வீதம் நான்காக உடைத்தும் அறிவிக்கலாம். உடைத்தால், தன் இரண்டு இணைப்புகளுக்கிடையே சுமையை விருப்பப்படி பங்கிடலாம். கூடுதலான மூன்று வரிகளை உலகின் பெரிய ரவுட்டர்கள் எல்லாம் இலவசமாகச் சுமக்கும்.

பாதுகாப்புக் கவலையும் அதே பக்கம்தான் தள்ளுகிறது. 2008 பிப்ரவரியில் யூடியூபை உள்நாட்டில் முடக்கப்போன பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பு உலகம் முழுக்கக் கசிந்தது. யூடியூபின் அறிவிப்பு 1,024 முகவரிகளுக்கானது. பாகிஸ்தானுடையது அவற்றில் 256-க்கு மட்டும். சிறிய தொகுதிக்கே முன்னுரிமை என்பது ரவுட்டர்களின் விதி. யூடியூபுக்கான போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பியது. யூடியூபும் 256 ஆக, பிறகு 128 ஆக உடைத்து அறிவித்துத்தான் அதை மீட்கப் போராடியது. இதைப் பார்த்த பொறியாளர் முன்கூட்டியே உடைத்துவைத்தால் அவரை எப்படிக் குறைசொல்வது?

நினைவகத்தைப் பெருக்குவது வாய்தா வாங்குவதுதான். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை முகவரிப் பஞ்சத்தைத் தீர்க்கும். உடைக்கும் ஆசையைத் தீர்க்காது. ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்னிக் அமைப்பு, வைத்திருக்கும் முகவரிகளின் அளவை வைத்தே ஆண்டுக் கட்டணம் வாங்குகிறது; எத்தனை துண்டாக அறிவிக்கிறார்கள் என்பது கணக்கில் வருவதில்லை. அதையும் சேர்க்க வேண்டும். 2011-இல் முகவரிகள் வறண்டபின் சிதறிய துண்டுகளே கிடைத்த சிறு நிறுவனங்களுக்கு அது தண்டனையாகிவிடக் கூடாது. தொகுக்க முடிந்தும் தொகுக்காத வரிகளுக்கு மட்டும் கட்டணம் விதித்தால் போதும்.