பாட்டு யாருடையது?



நம்ம கோடியக்கரைப் பக்கம் வயதான நாலு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், மீன் விலை, மழை, பேரப்பிள்ளை படிப்பு எல்லாம் பேசி முடித்துக் கடைசியில் பழைய பாட்டில் வந்துதான் நிற்பார்கள். அப்புறம் சண்டை ஆரம்பிக்கும். யார் எழுதியது, யார் பாடியது, அந்த இடத்தில் வரும் சொல் இதுவா அதுவா என்று டீ ஆறிப்போகும்வரை வாதம் நடக்கும்.

இது வெட்டி வேலை என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தில் ஒருவருக்கு மட்டும் தொடர்ந்து அநியாயம் நடக்கிறது. பாட்டை எழுதினவருக்கு.

'படகோட்டி' படத்தையே எடுத்துக்கொள்வோம். 1964-ல் வந்தது. மீனவர் வாழ்க்கையைச் சொல்வதால் நம்ம கடற்கரையில் அந்தப் பாட்டுகளுக்குத் தனி மரியாதை உண்டு. "அது கண்ணதாசன் எழுதினது மாமா" என்பார் ஒருவர். "இல்லண்ணே, ஏழைபாழையைப் பத்தி இப்படி எழுத பட்டுக்கோட்டையாரை விட்டா ஆள் ஏது?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "எழுதினது யாரா இருந்தா என்ன, அது வாத்தியார் பாட்டு" என்று முடித்துவிடுவார். உண்மை என்னவென்றால், அந்தப் படத்தின் பாட்டு அத்தனையும் வாலி எழுதியது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959 அக்டோபரிலேயே, முப்பது வயது நிறையும் முன்பே காலமாகிவிட்டார். காவிரிக் கரை ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் கடலோடியின் துயரத்தை நம்ம ஆளே எழுதினதுபோல எழுதிவிட்டார். அதற்குக் கிடைத்த பரிசு, அவர் பேர் மறந்துபோனது.

இந்தக் குழப்பத்துக்கு நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஒரே படத்துக்கு நாலைந்து கவிஞர்கள் எழுதுவார்கள். படத்தின் தொடக்கத்தில் எல்லார் பேரையும் சேர்த்துப் போடுவார்கள். எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் இருக்காது. பிறகு பாட்டு கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் எம்.ஜி.ஆர். பாட்டு, சிவாஜி பாட்டு என்று ஆகிவிடும். பாடிய டி.எம்.சௌந்தரராஜனுக்காவது அவர் குரலே சாட்சி. எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி பாடுவார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் யார் நிற்கிறார் என்று தெரியும். எழுதினவருக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. நாம் சொன்னால்தான் உண்டு.

இன்னொரு வகை வாதமும் உண்டு. 1966-ல் வந்த 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆர். மலைப் பாதையில் துள்ளிக்கொண்டு பாடும் பாட்டில் சூரியனுக்கு முன்னால் வரும் சொல் 'உதய'வா, 'புதிய'வா? இரண்டு பேரும் ஜெயிக்கிற சண்டை இது. இசைத்தட்டில் இருப்பது 'உதய'. உதயசூரியன் தி.மு.க.வின் சின்னம் ஆயிற்றே என்று தணிக்கையில் தடுத்ததால் படத்தில் 'புதிய' ஆயிற்று. ரேடியோவில் தட்டைக் கேட்டவருக்கு ஒரு சொல், கொட்டகையில் பார்த்தவருக்கு ஒரு சொல். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த வருஷத்து அரசியலே தெரிகிறது. 1967 தேர்தலுக்கு முந்தின வருஷம் அல்லவா! அதனால்தான் இந்த வாதத்தை வெட்டி என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

சிலர் கேட்பார்கள்: "நடவுப் பாட்டை எழுதினது யாரு? தாலாட்டை எழுதினது யாரு? பேர் இல்லாமத்தானே அதெல்லாம் நிக்குது? பாட்டு ஜனங்ககிட்ட வந்துட்டா ஜனங்களுடையதுதான்." நல்ல கேள்வி. ஆனால் நடவுப் பாட்டின் பேர் தொலைந்தது குறித்து வைக்க ஆள் இல்லாததால். சினிமாப் பாட்டுக்குப் பேர் இருக்கிறது. இருக்கிற பேரை விடுவது வேறு கதை.

1957-ல் 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் வந்த, மணப்பாறை மாடு பூட்டி ஏர் உழும் பாட்டை நம்ம டெல்டாவில் அறியாத விவசாயி கிடையாது. விவசாயப் பாட்டு என்றதுமே பட்டுக்கோட்டையார் என்று சொல்லிவிடுகிறார்கள். எழுதியவர் அ.மருதகாசி. திருச்சி ஜில்லா மேலக்குடிகாட்டுக்காரர். பட்டுக்கோட்டையாருக்கும் இதே கதிதான். 'நாடோடி மன்னன்' படத்தில் சோம்பித் திரியும் தம்பிக்குப் புத்தி சொல்லும் பாட்டு அவருடையது. அது இன்றைக்கும் எம்.ஜி.ஆர். பாட்டு.

நமக்குப் பேரை நினைவில் வைக்கத் தெரியாது என்பதும் இல்லை. 1930 ஏப்ரல் 13-ம் தேதி ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்பெடுக்கக் கிளம்பி வேதாரண்யம் வந்தார்களே, அவர்கள் வழிநெடுகப் பாடிவந்த பாட்டை யார் எழுதியது என்று இங்கே யாரைக் கேட்டாலும் நாமக்கல் கவிஞர் என்று பட்டென்று சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் பாட்டோடு பேரையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள், அதுதான் காரணம். அந்த யாத்திரை கிளம்பிய அதே நாளில்தான் பட்டுக்கோட்டையார் பிறந்தார். அவர் ஊர் செங்கப்படுத்தான்காடும் நம்ம வேதாரண்யமும் அப்போது ஒரே தஞ்சாவூர் ஜில்லா.

அதனால் நம்ம பக்கத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரிக்கு மெல்லிசைக் குழுவைப் பேசி முன்பணம் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், பாடியவர், இசை, அதோடு எழுதியவர் பேரையும் மைக்கில் சொல்லவேண்டும் என்று. நன்கொடை கொடுத்தவர் பேரை அரைமணி நேரம் வாசிக்கிறோம். பாட்டைக் கொடுத்தவர் பேரை வாசிக்க அரை நிமிஷம் கூட ஆகாது.