நடவு நாளில் கட்டிலருகே யார்?

குறுவை நடவு தொடங்கிவிட்டால் ஒரத்தநாடு, அம்மாபேட்டை பக்கம் வீட்டுவழிப் பராமரிப்புக்குப் போகும் நம் செவிலியர்கள் அடிக்கடி காணும் காட்சி இது. வாதம் வந்து படுத்த மாமியார் கட்டிலில் இருப்பார். எட்டாத தூரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், மூடி வைத்த கஞ்சி. மருமகள் வயலில். முதுகைத் திருப்பிப் பார்த்தால் போன மாதம் ஆறிய புண் மறுபடி சிவந்திருக்கும். சில வருகைப் பதிவேடுகளில் இதற்கு ‘கவனிப்புக் குறைவு’ என்று எழுதுகிறோம். அந்தக் குறிப்பை நாம் கைவிட வேண்டும். அந்தப் பெண் அலட்சியமாக இல்லை. கூலி கிடைக்கிற சில நாட்களில் கூலிக்குப் போயிருக்கிறார்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதன் அருமை, பேருந்து ஏறித் தஞ்சாவூர் போய்வர ஒரு நாள் கூலியை இழந்த குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் நாம் பார்ப்பது நோயாளியை மட்டும். பக்கத்தில் நிற்கிறவரின் இடுப்பு வலியும் தூக்கமின்மையும் நம் தாளில் ஏறுவதில்லை.

குடும்பப் பராமரிப்பாளருக்கான உதவி என்றதும் முதலில் பணம்தான் பேச்சுக்கு வருகிறது. கேரளத்தின் ‘ஆசுவாசகிரணம்’ திட்டம் படுக்கையில் இருப்பவரை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் 24ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைக் குறிப்பிடுகிறது. வேண்டியதுதான், சிறு தொகையானாலும் அது அங்கீகாரம். ஆனால் 600 ரூபாய் வயல்வேலையில் ஓரிரு நாள் கூலி. அதற்காக யாரும் நடவை விட்டுவிட முடியாது.

அடுத்தது பயிற்சி. பழைய வேட்டியை நான்காக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து நகர்த்தினால் தோல் உராயாது. தூக்குகிறவரின் முதுகும் தப்பும். மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்த உடனே படுக்க வைக்கக் கூடாது. இவற்றை நாம் நன்றாகவே சொல்லித் தருகிறோம். மனநோயாளிகளின் குடும்பத்தார் சேர்ந்து சென்னையில் நடத்திவரும் ‘ஆஷா’ போன்ற அமைப்புகள் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பதன் பலனைக் காட்டியிருக்கின்றன. ஆனால் பயிற்சி பெற்ற அதே கைதான் நாற்றும் நட வேண்டியிருக்கிறது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைக்க, வீட்டில் ஒருவர் இருக்க வேண்டுமே!

ஆகவே டெல்டாவுக்கு முதலில் வேண்டியது மாற்று ஆள். இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் ஒரு விதி எழுதினார்கள்: பெண்களோடு வேலையிடத்துக்கு வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ ஆகிவிட்டால், அந்தப் பெண்களில் ஒருவரைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி உண்டு. நடைமுறையில் அது சரிவர நடந்ததா என்பது வேறு பேச்சு. பிறரைப் பார்த்துக்கொள்வதும் கூலிக்குரிய வேலை என்பதை அரசு சட்டத்திலேயே ஒப்புக்கொண்டது. அதே நியாயம் ஒரு தெருவில் படுத்திருக்கும் முதியவர்களுக்கும் பொருந்தாதா? மகளிர் சுய உதவிக் குழுவில் இருவருக்கு நாம் பயிற்சி தந்து, ஊராட்சி கூலி தந்தால், நடவும் அறுவடையும் நடக்கிற வாரங்களில் மூன்று நான்கு வீடுகளை முறைவைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வாரங்களைச் சென்னையிலிருந்து தேதி போட்டு அறிவிக்க முடியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். 2024இல் ஜூலை 28 ஆயிற்று. ஆழ்குழாய்க் கிணறு உள்ள ஊர் முன்னதாக நடும், கடைமடை பின்தங்கும். நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு பெண்களுக்குக் கிடைக்கும் வேலைநாட்கள் சுருங்கிவிட்டன. எஞ்சிய ஒவ்வொரு நாளையும் விட முடியாமல் போனதற்கு அதுவே காரணம். எந்த ஊரில் எப்போது நாற்று பறிக்கிறார்கள் என்பதை வட்டாரத்தில் வேலை செய்யும் தன்னார்வலர்தான் சொல்ல முடியும். மாற்று ஆள் திட்டத்தின் நாள்குறிப்பும் அவர் கையில் இருக்கட்டும்.

அரசாணை வரும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியவை உண்டு. நோயாளிக்கு இரத்த அழுத்தம் பார்த்த கையோடு பார்த்துக்கொள்கிறவருக்கும் பாருங்கள். பதிவேட்டில் இடமில்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். நடவு நாட்களில் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பூட்டிய கதவைத் தட்டுவதைவிட, அவர்கள் கரையேறி வரும் பிற்பகலுக்கு வருகையை மாற்றுங்கள். ஒரே ஆள் நம்பிக்கையில் படுத்திருப்பவர்கள் எந்தெந்த வீடுகளில் என்ற பட்டியலைச் சம்பா நடவுக்கு முன்பே எடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கொடுங்கள்.