டிரேசி சாப்மனும் தொலைந்த ஹார்ட் டிஸ்க்கும்

1988 ஜூன் 11, லண்டன் வெம்ப்ளி. மண்டேலாவின் 70வது பிறந்தநாள் கச்சேரி. ஸ்டீவி வொண்டரோட ஹார்ட் டிஸ்க் காணாமப் போச்சு. குறிச்ச நேரத்துக்கு அவர் மேடையேறலை. இடைவெளியை நிரப்ப, ஏற்கெனவே பாடி முடிச்சிருந்த டிரேசி சாப்மனை ஒத்தை கிடாரோட திரும்ப அனுப்பினாங்க. 'ஃபாஸ்ட் கார்' உலகம் பூரா பிச்சுக்கிட்டுப் போச்சு.

இதை அதிர்ஷ்டம்னு சொல்றவங்களைப் பார்த்தா எரிச்சலா வருது. (நம்ம பொட்டி தட்டுற வேலையில டிஸ்க் போனா திட்டுதான் கிடைக்கும் :-))

கிளீவ்லாண்டில் அம்மா தனியா வளர்த்த பொண்ணு. எட்டு வயசுலயே பாட்டு எழுத ஆரம்பிச்சாச்சு. இந்தப் பாட்டுல கோஷமே கிடையாது. குடிகார அப்பாவைப் பார்த்துக்கப் படிப்பை விட்ட ஒருத்தி, கடையில வேலை பார்த்துக்கிட்டே தப்பிக்க வழி தேடுறா, அவ்ளோதான். இனவெறிக்கு எதிரான அந்த மேடையில அத்தனை கூட்டத்தையும் கேட்க வெச்சது அந்தப் பொண்ணோட கதைதான்.

2023ல லூக் கோம்ப்ஸ் இதையே பாடினார். பாட்டை எழுதினதுக்காக கன்ட்ரி இசை விருது டிரேசிக்கு வந்துச்சு. அப்ப எந்த டிஸ்க் தொலைஞ்சதாம்?