மாடியில சோலார், வீட்டுக்குள்ள இருட்டு

போன வாரம் மத்தியானம் கரண்ட் போச்சு. கண்ணமங்கலத்துல வெயில் மண்டையப் பொளக்குது. எதிர் வீட்டு மாடியில புத்தம் புது சோலார் பேனல் பளபளன்னு மின்னுது. ஆனா அந்த வீட்டு ஃபேனும் நின்னு போச்சு! வீட்டுக்கார அண்ணன் வெளியே வந்து, "ஏம்பா, சூரியனுக்குமா கரண்ட் கட்டு?"ன்னு கேட்டார்.

சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்விதான்.

லைனோட இணைச்ச சோலாருக்கு, லைனில் கரண்ட் இல்லைன்னா இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் நம்ம மாடி கரண்ட் கம்பிக்குள்ள ஏறி, லைன் ஆஃப்ல இருக்குன்னு நம்பிக் கம்பத்தில் ஏறினவர் உயிரை வாங்கிவிடும். ஆக இது கோளாறு இல்லை, பாதுகாப்பு. கரண்ட் போனாலும் ஓடணும்னா பேட்டரியும் அதுக்கேத்த இன்வெர்ட்டரும் வேணும். விற்க வந்தவர் இதைச் சொல்லவே இல்லையாம்.

அப்ப லாபம் எங்கே? பகலில் மிஞ்சுறது வெளியே போகும், ராத்திரி நாம எடுத்துக்கலாம். மீட்டர் ரெண்டையும் கழிச்சுக் கணக்குப் போடும். 2024ல் வந்த மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நிறைய பில் கட்டுற, சொந்த மாடி இருக்கிற வீட்டுக்கு நல்ல கணக்கு.

நம்ம ஊர் பட்டு நெசவாளிக்கு? கைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டா இருந்த இலவசம் 2023ல் 300 ஆச்சு. பில்லே வராத வீட்டுல எதைக் கழிக்கிறது? பாதிப் பேருக்கு ஓட்டு வீடு, வாடகை வீடு வேற. அவருக்குப் பிரச்சினை பில் இல்லைங்க, இருட்டு. குழித்தறியில் உட்கார்ந்து அறுந்த இழையைத் தடவித் தடவியா முடிய முடியும்?

என் கருத்து இதுதான். வீடு வீடா மானியம் கொடுத்தா மட்டும் போதாது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கணும். கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006ல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டது. ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சினதை மின்வாரியத்துக்கு வித்தது. ஒரு பஞ்சாயத்தால முடிஞ்சது சங்கத்தால முடியாதா? சங்கக் கட்டட மாடியில பேனல் போட்டு, வர்ற காசுல தறிக்கு ஒரு சின்ன பேட்டரி, ஒரு எல்இடி விளக்கு. அவ்வளவுதான் கேக்கறேன்.

நாங்க பட்டு நெய்யறோம். வெளிச்சத்தையும் சேர்ந்து நெய்யலாமே!