அலை வருகிறது, அதனை அளக்கும் அறிவு வரவில்லை!

அரியலூரைச் சூழ்ந்த சுண்ணாம்புக்கல் அகழ்குழி ஒன்றில் வெடி வெடிக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள சிற்றூரில் முதலில் தரை நடுங்குகிறது. அடுக்கி வைத்த ஏனங்கள் கலகலக்கின்றன. இரண்டு மூன்று நொடி கழித்தே ஓசை காதில் விழுகிறது. நடுக்கம் முந்தியதேன்? ஓசை பிந்தியதேன்? கல்லின் வழியே செல்லும் அலை ஒரு நொடியில் சில ஆயிரம் மீட்டர் கடக்கிறது. காற்றின் வழியே வரும் ஒலியலையோ 340 மீட்டரளவே கடக்கிறது. வேற்றுமொழியின் துணை சற்றும் வேண்டாத விடை இது. ஆயினும், நடுக்கத்தை நாள்தோறும் உணரும் மக்களுக்கு அவ்விடையைத் தாய்மொழியில் எடுத்துரைப்பார் அரியர். அலை எவரிடமும் இசைவு கேளாமல் வீட்டினுள் நுழைகிறது; அலையைப் பற்றிய அறிவோ ஆங்கிலத் தாழிட்ட கதவின் பின்னே அடைபட்டுக் கிடக்கிறது.

"தமிழில் பாட்டெழுதலாம், பட்டிமன்றம் நடத்தலாம்; இயற்பியல் சொல்ல இயலுமா?" என்று உதட்டைப் பிதுக்கும் படித்த பெருமக்கள் இன்றும் இருக்கின்றனர். அவர்தம் ஐயத்தை அலை ஒன்றைக் கொண்டே தீர்க்கலாம்.

கங்கைகொண்ட சோழபுரத்தருகே முதலாம் இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கத்தில், இன்றைய பொன்னேரியில், ஒரு கல்லை எறிந்தால் வட்டம் வட்டமாக அலை விரிந்து கரையைத் தொடும். நீர்மேல் மிதக்கும் ஆலிலை மட்டும் அதனோடு கரைக்கு வாராது. ஏறியும் இறங்கியும் இருந்த இடத்திலேயே நிற்கும். பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் கொல்லையில் காற்றடிக்கும்போது கொல்லையின் ஒரு தலையிலிருந்து மறுதலைக்கு அலை ஓடுகிறது. ஒரு தட்டையேனும் வேரை விட்டுப் பெயர்ந்து ஓடுவதில்லை. அலை என்பது பொருளின் பயணம் அன்று, ஆற்றலின் பயணம். ஒரு துகள் தன்னிடத்தில் அசைந்து அடுத்த துகளை அசைக்க, அது அதற்கடுத்ததை அசைக்க, கைக்குக் கை மாறும் தண்ணீர்க் குடம்போல ஆற்றல் மட்டும் கடந்து செல்கிறது.

இவ்வுண்மையைத் தமிழ்ச்சொல்லே ஏந்தி நிற்கிறது. அலைக்கு மற்றொரு பெயர் திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கத்திற்கும் திரை என்றே பெயர். 'நரை திரை' என்பதை அறியாத தமிழர் இலர். தோல் இடம்பெயர்வதில்லை, சுருங்குகிறது. நீரும் அவ்வாறே. மேலெழுந்தது முகடு, கீழாழ்ந்தது அகடு, நிலைமட்டத்திலிருந்து முகட்டின் உயரம் வீச்சு, ஒரு முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடைப்பட்ட தொலைவு அலைநீளம், ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை அதிர்வெண். இவற்றுள் எச்சொல் ஏழைத்தாயின் செவிக்கு அயலானது? 'வேவ்லெங்த்', 'ஆம்ப்ளிட்யூட்', 'பிரீக்வென்சி' என்று நெட்டுருச் செய்யும் சிறுவனுக்கு அச்சொற்கள் வெறும் ஒலிகள். வீச்சு, முகடு, அதிர்வு என்பனவோ அவன் வீட்டுப் பொருள்கள்.

இனி ஆற்றலின் கணக்கு. அலை சுமக்கும் ஆற்றல் வீச்சின் இருபடிக்கும் அதிர்வெண்ணின் இருபடிக்கும் ஏற்ப வளர்வது. வீச்சு இருமடங்கானால் ஆற்றல் நான்மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. வீச்சு, அதிர்வெண் இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதே, நிலத்துத் துகள் முன்னும் பின்னும் ஆடும் விரைவின் அளவுகோல். அதனால்தான் வெடியதிர்வை அளப்போர் துகளின் உச்ச விரைவை, நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என அளக்கின்றனர். நிலத்தினூடே ஓடும் அலையின் விரைவு வேறு. நின்ற இடத்தில் ஆடும் துகளின் விரைவு வேறு. முன்னது நொடிக்கு ஆயிரக்கணக்கான மீட்டர். பின்னது சில மில்லிமீட்டர். சுவரில் கீறல் விழுமா, விழாதா என்பதை அறியப் பின்னதையே பார்க்க வேண்டும்.

இதற்கு அரசு வகுத்த வரம்பும் உண்டு. இந்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-இல் விடுத்த சுற்றறிக்கைப்படி, அகழ்குழி உடையவர்க்கு உரியதல்லாத குடியிருப்பு வீடுகளில், அதிர்வெண் நொடிக்கு 8-க்குக் கீழாயின் துகள் விரைவு நொடிக்கு 5 மி.மீ. மிகலாகாது, 8 முதல் 25 வரையாயின் 10 மி.மீ.; 25-க்கு மேலாயின் 15 மி.மீ. வரலாற்றுச் சிறப்புடைய கட்டடங்களுக்கு இவ்வரம்பு முறையே 2, 5, 10 மி.மீ. என இன்னும் இறுக்கப்பட்டுள்ளது. பழுவேட்டரையர் கோயில்கள் நிற்கும் பழுவூர் மண்ணில் வாழ்வோருள் எத்தனை பேர் இவ்வெண்களைத் தமிழில் படித்திருக்கக்கூடும்?

அதிர்வெண் குறையக் குறைய வரம்பும் ஏன் குறைகிறது என்பதே இதில் அறிய வேண்டிய உயிர்ச்செய்தி. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு ஒத்த பொழுதில் தள்ளினால் சிறு குழந்தையின் கையும் அதனை உயர எழுப்பிவிடும். ஒருமாடி இருமாடி வீடுகளுக்கும் அவற்றுக்கே உரிய ஆட்டம் உண்டு. அது நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 12 வரை அமையும். நிலத்து அதிர்வும் அதனோடு ஒத்துவிட்டால் வீடு நிலத்தினும் மிகுதியாக ஆடும். இதுவே ஒத்ததிர்வு. இன்னொன்று: விரைந்த அதிர்வுகளை மண் வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது, மெல்லதிர்வுகளே நெடுந்தொலைவு செல்கின்றன. ஆகவே தொலைவிலுள்ள ஊர்க்கு வரும் அதிர்வு வலிவு குன்றியதாயினும் வீட்டின் ஆட்டத்திற்கு ஒத்ததாய் அமைந்துவிடக்கூடும். 'தொலைவில்தானே வெடிக்கிறோம்' என்ற ஒற்றை மறுமொழியால் வாயடைத்துப் போகாமல், 'அதிர்வெண் என்ன? துகள் விரைவு என்ன?' என்று கேட்க இவ்வறிவு வேண்டும்.

அதிர்வைக் குறைக்கும் வழியும் அறிவியலில் உண்டு. பல துளைகளிலிட்ட வெடிமருந்தை ஒரே நொடியில் வெடித்தால் ஓரலையின் முகட்டின்மேல் மற்றோரலையின் முகடு ஏறி நின்று வீச்சு பெருகும். துளைக்குத் துளை நொடியின் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு இடைவெளி விட்டு வெடித்தால் அவ்வாறு ஏறி நிற்பது தவிர்க்கப்படும். எனவே மொத்தம் எத்தனை கிலோ மருந்து என்பதைவிட, ஒரே வேளையில் வெடித்தது எத்தனை கிலோ என்பதே கேட்கத்தக்க கேள்வி. கேள்வியை அறியாதவன் விடையை எங்ஙனம் பெறுவான்?

பைஞ்சுதை ஆலைகள் வேண்டா என்பதன்று இங்குச் சொல்லப்படுவது. தொல்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் இம்மண்ணின் செல்வம். தமிழ்நாட்டரசின் ஆலையே 1979 முதல் அரியலூரில் இயங்கி வந்துள்ளது. கல் தமிழ்மண்ணின் கல். வெட்டுவது தமிழன் கை. அதிர்வது தமிழன் வீடு. அதிர்வின் கணக்கு மட்டும் ஆங்கிலத்தில் இருப்பது எந்த நயன்மை?

2006 செப்டம்பர் 14-ஆம் நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, மக்கள் கருத்தறியும் கூட்டத்திற்கு முன் அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும் என்கிறது. அச்சுருக்கத்தின் அளவு மிகுதியாயின் பத்துப் பக்கம்! நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரியும் முழு அறிக்கை நடைமுறையில் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. அதிர்வைப் பற்றிய பட்டியல் பத்துப் பக்கத்துள் அடங்காவிட்டால் அது தமிழனுக்கு இல்லை. 2020-இல் அவ்வறிவிக்கைக்கு மாற்றாக ஒரு வரைவை நடுவண் அரசு வெளியிட்டபோது, அதனை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் சூன் 30-இல் ஆணையிட்டது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவதற்கு மாறாக, நடுவண் அரசு உச்சமுறைமன்றத்தின் படியேறிற்று. மக்கள் கருத்தைக் கேட்கிறார்களாம். மக்கள் மொழியில் மட்டும் கேட்கமாட்டார்களாம்!

'கலைச்சொல் இல்லை' என்பது பழகிப் புளித்த பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கித் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கடல் கடந்து வந்த அயலானுக்குக் கைவந்த தமிழ், கருவிலேயே கேட்டவனுக்குக் கைவாராதாம்! 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. இல்லாதது சொல் அன்று, மனம்.

குற்றம் ஆள்வோரிடம் மட்டும் இல்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. மேடையேறித் தமிழ் வாழ்க என்று முழங்குவோருள் எத்தனை பேர் ஒரு பள்ளிச் சிறுவனுக்கு அலைநீளத்தை விளக்க வல்லர்? பிறமொழிச் சொல்லைக் களைவது பாதிப்பணி. களைந்த இடத்தில் அறிவை விதைப்பதே மீதிப்பணி. களையெடுத்த நிலத்தைத் தரிசாகப் போட்டவனை உழவன் என்று உலகம் சொல்லாது. தனித்தமிழ் என்பது தனித்து நிற்கும் தமிழ். தனித்து நிற்க அறிவியலும் கணக்கும் அதன் இரு கால்கள்.

1964 சனவரி 25-இல் திருச்சிராப்பள்ளியில் தமிழுக்காக உயிரீந்த சின்னச்சாமி, இதே அரியலூர்ப் பக்கத்துக் கீழப்பழுவூர்க்காரர். அவர் பிறந்த மண்ணில் இன்று தமிழ் கேட்பது உயிரை அன்று, உழைப்பை. அதிர்வளவுப் பதிவுகள் ஒவ்வொரு திங்களும் ஊராட்சி மன்றப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கை முழுமையும் தமிழில் தரப்படும் வரை கருத்தறியும் கூட்டம் நடத்தலாகாது. அரியலூர், பெரம்பலூர்ப் பள்ளிகளில் அலை பற்றிய பாடம் இம்மண்ணின் அகழ்குழியையும் ஏரியையும் காட்டி நடத்தப்பட வேண்டும். 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய நாட்டில் இவை மிகை வேண்டுகைகள் அல்ல.

அடுத்த கருத்தறியும் கூட்டத்தில் ஒரு சிற்றூர்ப் பெண் எழுந்து, "எங்கள் வீட்டுத் தரையில் துகள் விரைவு எவ்வளவு? எந்த அதிர்வெண்ணில்?" என்று தமிழில் கேட்கட்டும். மறுமொழி தமிழில் வரும்வரை அவர் அமராதிருக்கட்டும்.