நகரசபை மெம்பரும் ஜாதிச் சட்டமும்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் என்னும் பட்டணத்தின் நகரசபையார், ஜாதியின் பேரால் ஒருவரைத் தாழ்வாய் நடத்துவது தங்கள் நகர எல்லைக்குள் குற்றமென்று 2023-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி சட்டம் செய்தார்கள். சாதகமாக 6 ஓட்டும் பாதகமாக 1 ஓட்டும் விழுந்தன. அமெரிக்க நகரங்களில் ஜாதியைப் பேர் சொல்லித் தடுத்தது இதுவே முதலாவதாகும். இச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த் என்னும் அம்மையார். அவர் மந்திரியல்ல, கவர்னருமல்ல. 9 பேர் கொண்ட நகரசபையில் ஒரு மெம்பர், அவ்வளவே. "கேவலம் ஒரு நகரசபை மெம்பரால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவர்கள் யோசிக்க வேண்டுமென்றே இதை எழுதுகின்றோம்.

இவ்வம்மையார் பூனாவில் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை ஒளிக்காமல் தாமே சொல்பவர். பொருளாதாரம் போதிக்கும் உபாத்தியாயராயிருந்து, 2013 நவம்பர் தேர்தலில் சமதர்மக்காரி என்று பகிரங்கமாகச் சொல்லியே நின்று ஜெயித்து, 10 வருஷ காலம் அச்சபையில் இருந்தார். சம்பளத்தில் வருஷத்துக்கு 40,000 டாலர் மட்டும் தம் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்து வந்தார்.

அவர் ஓட்டுக் கேட்டபோது சொன்ன வாக்குறுதி, மணிக்கு 15 டாலர் குறைந்த கூலி என்பதாகும். 2014 ஜூன் 2-ந் தேதி நகரசபை ஏகமனதாக அதைச் சட்டமாக்கிற்று. இது அவர் ஒருவராலேயே ஆனதென்று நாம் சொல்ல வரவில்லை. சாப்பாட்டுக் கடைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சங்கங்கள் உழைத்தன, மேயரும் ஒரு கமிட்டி போட்டார். ஆனால் தெருவில் எழுந்த கூச்சலைச் சபைக்குள் கொண்டுபோய் வைக்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? 15 டாலரே பேராசை என்று சிலர் சொன்ன அதே ஊரில் 2025-ல் குறைந்த கூலி மணிக்கு 20 டாலர் 76 சென்ட் ஆயிற்று.

தோல்வியும் கண்டார். ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்காகப் பெரிய கம்பெனிகள் மீது 2018 மே மாதத்தில் 9 மெம்பர்களும் சேர்ந்து போட்ட வரியை, கம்பெனிக்காரர்கள் மிரட்டியவுடன் ஒரு மாதத்திற்குள் 7 பேர் கைதூக்கி ரத்து செய்தார்கள். மாட்டோம் என்றவர்கள் இவரும் தெரேசா மாஸ்கெடா என்ற அம்மையாரும் மட்டுமே. 2020 ஜூலையில் அந்த மாஸ்கெடா அம்மையார் கொண்டுவந்த பெரிய கம்பெனி வரி நிறைவேறிற்று. சாவந்த் அம்மையாரைப் பதவியிலிருந்து இறக்க 2021 டிசம்பரில் நடந்த ஓட்டெடுப்பிலும் சுமார் 300 ஓட்டில் தப்பினார். வரிப் பிரசாரத்திற்கு ஆபீஸ் பணத்தை உபயோகித்த தவறுக்கு அபராதமும் கட்டியிருக்கின்றார். ஆகவே அவரைப் பூஜிக்கும்படி நாம் யாரையும் கேட்கவில்லை. செய்த காரியத்தைப் பார்க்கும்படியே கேட்கின்றோம்.

நிற்க, ஜாதிச் சட்டத்திற்கு வருவோம். கப்பலேறினால் ஜாதி கெட்டுவிடும் என்று சொன்ன சாஸ்திரம் நம்மிடம் இருந்தது. இப்போதோ மனிதன் ஆகாய விமானத்தில் ஏறினால் ஜாதியும் டிக்கெட்டில்லாமல் கூடவே ஏறிக்கொள்ளுகின்றது. அங்கே வேலைக்குப் போன நம்மவரில் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஒருவரை மேலதிகாரியான மற்றொரு நம்மவர் ஒதுக்கினால், எந்தச் சட்டத்தின் கீழ் முறையிடுவது? நிறம், மதம், ஆண் பெண் என்ற பேதங்களை வெள்ளைக்கார அதிகாரி அறிவார். ஜாதியென்றால் அவருக்கு என்ன தெரியும்? இச்சட்டம் அந்தப் பட்டியலில் ஜாதி என்ற வார்த்தையைச் சேர்த்தது. வேலை, கூலி, பதவி உயர்வு, வீட்டு வாடகை, ஓட்டல், கடை ஆகியவற்றில் ஜாதி பார்த்தால் நகரத்தின் உரிமை இலாகாவில் புகார் செய்யலாம். அவர்கள் விசாரிக்க வேண்டும்.

இதற்குச் சொல்லப்பட்ட ஆட்சேபணைகளைப் பாருங்கள். "அமெரிக்காவில் ஜாதியே இல்லை, சட்டம் எதற்கு?" என்றார்கள். இல்லையென்றால் யாருக்கு நஷ்டம்? திருடனில்லாத வீட்டில் பூட்டு இருந்தால் வீட்டுக்காரன் ஏன் அழ வேண்டும்? "இது இந்துக்களை அவமதிக்கின்றது" என்றார்கள். சட்டத்தில் எந்த மதத்தின் பேரும் இல்லை. கிறிஸ்தவனானாலும் முஸ்லிமானாலும் சீக்கியனானாலும் ஜாதி பார்த்தவன் எவனோ அவனையே அது கேட்கும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமேன்? "சட்டத்தால் மனம் மாறுமா?" என்பது மூன்றாவது. மனம் மாறுகின்றபோது மாறட்டும். அதுவரை அடி வாங்குகின்றவன் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமா?

இதே மாதிரியான மசோதா கலிபோர்னியா சட்டசபையில் நிறைவேறியும், இருக்கிற சட்டமே போதுமென்று கவர்னர் 2023 அக்டோபரில் அதைத் தள்ளிவிட்டார். ஒரு பெரிய மாகாணத்தில் முடியாமற்போனது ஒரு நகரசபையில் முடிந்திருக்கிறது.

நம் நாட்டு முனிசிபல் மெம்பருக்கு அமெரிக்க நகரசபையின் சட்டம் செய்யும் அதிகாரம் இல்லையென்பது வாஸ்தவமே. ஆனால் இங்கு புதிதாகச் சட்டம் எதற்கு? தீண்டாமை ஒழிந்ததாக அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்லுகின்றது. மனிதனைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் வருஷத்துச் சட்டம் அந்தப் பொறுப்பை நகரசபைகளின் தலைமேலேயே வைத்திருக்கின்றது. ஆகவே தோழர்களே! அடுத்த தடவை உங்கள் வார்டுக்கு ஓட்டுக் கேட்க வருகின்றவரிடம் ஜாதியையும் கட்சியையும் கேட்பதை விட்டு, இவைகளைக் கேளுங்கள்: எந்தத் தெருவுக்குக் குழாயும் சாக்கடையும் கடைசியாக வருகின்றன? சாக்கடைக் குழிக்குள் இன்னும் மனிதன் இறங்குகின்றானா? சுடுகாடு ஒன்றா இரண்டா? இதுபற்றி நீர் எத்தனை பிரேரணை கொண்டுவந்தீர்? பதில் சொல்லத் தெரியாதவருக்கு உங்கள் ஓட்டு எதற்கு?