சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். சமையலுக்குச் சொன்ன இந்தப் பழமொழி கல்யாண வீடியோ டிவிடிக்கும் அப்படியே பொருந்தும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய சாம்சங் ஆலையில் தொலைக்காட்சிப் பெட்டிகள் தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் அந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களின் வீடுகளிலும் இன்று அகலமான திரை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார். அலமாரியில் கிடக்கும் பழைய கல்யாண சிடியைப் போட்டுப் பார்க்கலாம் என்று ஆசையாக எல்லோரும் உட்காருவார்கள். படம் வரும். ஆனால் முகங்கள் மங்கலாக இருக்கும். மேளக்காரர் கையை அசைத்தால் கட்டம் கட்டமாகச் சிதறும். இப்போது உயிரோடு இல்லாத தாத்தா மணமக்களை ஆசீர்வதிக்கும் காட்சியில் அவர் கண்கூடத் தெரியாது.

உடனே என்ன சொல்வார்கள்? "டிஸ்க் மட்டமானது", "ரைட்டர் சரியில்லை", "இந்த டிவியே சரியில்லை". பெரும்பாலும் இந்த மூன்றுமே தவறான தீர்ப்பு.

கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். வீடியோ சிடியில் உள்ள படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள். அதாவது சுமார் ஒரு லட்சம். டிவிடியில் 720 x 576, சுமார் நான்கு லட்சம். இன்றைய 4கே திரையில் இருப்பதோ சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளியை எண்பது புள்ளியாக இழுத்துக் காட்டினால் மங்கலாகத்தான் தெரியும். பழைய குழாய்த் தொலைக்காட்சி சிறியது, குறைகளை மறைத்தது. புதியது மறைப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. அதில் ஒரு மணி நேரப் படம் வைத்தால் நொடிக்குச் சுமார் 10 மெகாபிட் கிடைக்கும். இரண்டு மணி நேரம் என்றால் 5. நான்கு மணி நேரம் என்றால் இரண்டரைதான். முதல் நாள் வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம், பந்தி என்று எல்லாவற்றையும் "ஒரே டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டது யார்? வீட்டுக்காரர்கள்தான். ஒரே தட்டில் மூன்று சினிமா, நான்கு சினிமா என்று தெருவில் விற்ற காலம் அது. அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தவறாகவே தோன்றவில்லை. ஸ்டுடியோக்காரரும் மறுக்காமல் நசுக்கிக் கொடுத்தார்.

எரிக்கும் கருவிக்குப் படத்தை மங்கலாக்கத் தெரியாது. கொடுத்த எண்களை அப்படியே எழுதுவது மட்டுமே அதன் வேலை. எழுதுவதில் பிழை வந்தால் படம் நின்று நின்று ஓடும், உறையும், சில இடங்களில் தாண்டிப் போகும். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், இந்தக் கோளாறு பெரும்பாலும் படத்தின் பிற்பகுதியில் தெரியும். அப்போதுதான் டிஸ்க்கையோ வேகத்தையோ குறை சொல்ல வேண்டும். எந்தப் பிளேயரில் போட்டாலும் அதே இடத்தில் அதே கட்டங்கள் வந்தால், தவறு நசுக்கியதில்தான். அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் வந்தால், அது ஒரு படத்தின் இரண்டு பாதிகளும் சரியாகச் சேராத கோளாறு. எல்லோரும் குண்டாகத் தெரிந்தால், 4:3 படத்தை 16:9 திரைக்கு இழுத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை ரிமோட்டிலேயே சரி செய்துவிடலாம்.

நசுக்கியதில் போனது மட்டும் எந்த மென்பொருளாலும் உள்ளபடி திரும்பாது. சிடியை டிவிடியாக மாற்றினாலும் தெளிவு கூடாது. மறுபடி நசுக்குவதால் இருப்பதும் குறையும். இன்றைய மென்பொருள்கள் முகத்தைக் கூர்மையாக்கித் தருகின்றன. ஆனால் அந்த மூக்கும் கண்ணும் கணினி ஊகித்து வரைந்தவை. தாத்தாவின் முகத்தை ஊகமாகப் பார்ப்பதில் என்ன நிறைவு இருக்கிறது?

அசல் இருந்தால் பிழைக்கலாம். மினி டிவி கேசட்டில் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜிபி. டிவிடியில் வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் அந்தக் கேசட்டை வாங்கி வைத்த குடும்பங்கள் எத்தனை? பல இடங்களில் அதே கேசட்டில் அடுத்த வாரக் கல்யாணம் பதிவானது. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, அசலைக் கேட்காமல் வந்ததுதான் உண்மையான தவறு. கேசட் இன்னும் வீட்டிலோ ஸ்டுடியோவிலோ இருந்தால், அது கெடுவதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். டிஸ்க் மட்டுமே இருந்தால் மறுபடி நசுக்காமல் அப்படியே இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்க வேண்டும். எழுதும் டிஸ்க்கில் இருப்பது சாயம். வெயிலும் சூடும் அதற்கு ஆகாது.

டிஸ்க் காலம் போய்விட்டது, இனி இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அதே தவறு இன்று வாட்ஸ்அப்பில் நடக்கிறது. சொந்த ஊர் விசேஷத்தை அண்ணன் அனுப்புகிறார். வழியில் அது நசுங்கித்தான் ஒரகடத்து அறைக்கு வந்து சேருகிறது. போனில் இடம் போதவில்லை என்று அவர் அசலை அழித்துவிடுகிறார். இருபது வருடம் கழித்து இன்னும் பெரிய திரையில் அதைப் பார்க்கப் போகும் பிள்ளை யாரைக் குறை சொல்லும்?

அனுப்புவது எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அசல் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். சட்டியைக் கவிழ்த்துவிட்டு அகப்பையைத் திட்டிப் பயனில்லை.